வரைகலை அட்டைக்கான மின்வழங்கித் திறன்

வரைகலை அட்டைக்கான மின்வழங்கித் திறன் என்பது, கணினியில் புதிதாகப் பொருத்தப்படும் வரைகலை அட்டைக்கு வேண்டிய மின்திறனை அக்கணினியின் மின்வழங்கி தொடர்ந்து அளிக்க இயலுமா என்பதைக் குறிக்கும். மின்வழங்கி பேச்சு வழக்கில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படுகிறது. இந்தியாவில் இது 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டு நேர்திசை மின்சாரமாக மாற்றுகிறது. வரைகலை அட்டையும் செயலியும் பெரும்பாலும் 12 வோல்ட்டுத் தடத்தையே சார்ந்துள்ளன.

அட்டை மின்சாரம் பெறும் வழிகள்

தாய்ப்பலகையின் பிசிஐ எக்சுபிரசு பொருத்துவாய் அதிக அளவாக 75 வாட்டு வழங்கும். அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகள் மின்வழங்கியிலிருந்து தனி இணைப்பியைப் பெறுகின்றன. 6 ஊசி இணைப்பி 75 வாட்டும், 8 ஊசி இணைப்பி 150 வாட்டும் தரவல்லவை. ஆகவே, ஒரே ஒரு 8 ஊசி இணைப்பி கொண்ட அட்டைக்கு மொத்தம் 225 வாட்டு வரை கிடைக்கும். 2022 முதல் சில அட்டைகளில் 600 வாட்டு வரை தரும் 16 ஊசி இணைப்பி பயன்படுகிறது.

மின்வழங்கியின் விவரச்சீட்டு

மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள சீட்டில் ஒவ்வொரு தடத்திற்கும் உரிய ஆம்பியர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பெரிய எழுத்தில் உள்ள மொத்த வாட்டு அளவை மட்டும் நம்புதல் தவறாகும், 5, 3.3 வோல்ட்டுத் தடங்களின் திறனும் அதில் சேர்ந்திருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்டு கிடைக்கும். 12 வோல்ட்டுத் தடத்தில் 25 ஆம்பியர் என்றிருந்தால், அத்தடத்தின் திறன் 300 வாட்டு ஆகும். இரண்டு 12 வோல்ட்டுத் தடங்கள் இருப்பின் அவற்றை நேராகக் கூட்டாமல், சீட்டில் தரப்பட்டுள்ள கூட்டு வரம்பையே கொள்ள வேண்டும்.

கணக்கீடு

2021இல் வெளிவந்த ஆர்டிஎக்சு 3060 அட்டையின் மின்தேவை 170 வாட்டு. கோர் ஐ5-12400 செயலி உச்ச நிலையில் 117 வாட்டு கொள்ளும். இவ்விரண்டின் கூடுதல் 287 வாட்டு; இதற்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர் வேண்டும். தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, விசிறி ஆகியவற்றுக்கு 50 வாட்டு எனக் கொண்டால் மொத்தம் 337 வாட்டு ஆகிறது. அட்டையின் தேவை நொடிப்பொழுதில் உயரக்கூடும் என்பதாலும், மின்வழங்கியை எப்போதும் அதன் எல்லையில் இயக்குதல் நல்லதன்று என்பதாலும், இவ்வட்டைக்கு 550 வாட்டு மின்வழங்கியைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார்.

காஞ்சிபுரம் நெசவு வடிவமைப்பில்

காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் கரை, முந்தானை வடிவங்கள் முன்பு கட்டத்தாளில் வரையப்பட்டுத் துளையட்டைகளாக்கப்பட்டன. பின்னர் இப்பணிக்குக் கணினியும் வந்தது. இவ்வடிவம் இருபரிமாணக் கட்டங்களின் தொகுப்பே என்பதால், செயலியிலேயே அமைந்த வரைகலைப் பகுதி பொதுவாகப் போதும். முப்பரிமாணக் காட்சி, அசைபடம் போன்ற பணிகளுக்கே தனி அட்டை தேவைப்படுகிறது. எனவே முதலில் ஆராய வேண்டியது தேவையே.

அட்டை பொருத்தப்பட்டால் தடையிலா மின்வழங்கியான யு.பி.எஸ். கருவியையும் சரிபார்க்க வேண்டும். 600 வோல்ட்டு-ஆம்பியர் எனக் குறிக்கப்பட்ட சிறு கருவிகள் பல, 360 வாட்டு மட்டுமே தருகின்றன. மேற்கண்ட 337 வாட்டை 80 விழுக்காடு செயல்திறனுள்ள மின்வழங்கி அளிக்க, அது ஏறத்தாழ 421 வாட்டை உள்வாங்கும். கணினித்திரையின் தேவை இதற்கு மேலாகும். முழுச்சுமையில் மின்தடை நேர்ந்தால் யு.பி.எஸ். தாங்காது நின்றுவிடும், சேமிக்கப்படாத வடிவம் அழிந்துபோகும்.

குறைபாட்டின் அறிகுறிகள்

எளிய பணிகளின்போது ஒழுங்காக இயங்கும் கணினி, விளையாட்டு போன்ற கடும் பணியில் திடீரென அணைதலும் தானே மீளத் தொடங்குதலும் மின்வழங்கியின் போதாமையைக் காட்டலாம். மிகை வெப்பமும் இதே அறிகுறியைத் தரும் என்பதால் வெப்பநிலையையும் நோக்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று இல்லாத மின்வழங்கி மிகைச்சுமையில் பழுதடைந்து பிற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்குமாதலால், பயிற்சியற்றோர் அதனைத் திறத்தல் ஆகாது.