கொல்லைக் கோழிகள்: வளர்ப்பதும் குறைப்பதும்



"ஒரு குடும்பத்துக்குக் கோழி வாங்கிக் கொடுக்க" என்று குறித்து வரும் காணிக்கைகளோடு சில சமயம் ஒரு கேள்வியும் வருகிறது: கொடுத்த கோழிகள் இப்போது எத்தனையாகப் பெருகியிருக்கின்றன? நியாயமான கேள்விதான். ஆனால் கொல்லையில் வளரும் கோழிகளின் கணக்கு வங்கி வட்டிபோல் ஏறுவதில்லை. அது ஏன் என்பதையும், சில கோழிகளைக் குறைத்துவிடும்படி நாங்களே தாய்மாருக்குச் சொல்வது ஏன் என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

மருத்துவமனைக்குக் கோழியோடு என்ன வேலை? எடை குறைந்த குழந்தைகள் வார்டில் தங்கித் தேறி வீடு திரும்புகிறார்கள். வீட்டில் கஞ்சியும் ஊறுகாயும்தான் என்றால் அதே குழந்தை மறுபடி நம்மிடமே வருகிறது. நாட்டுக்கோழி முட்டை சிறியதானாலும் ஐந்தாறு கிராம் புரதம் அதில் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் கிராமங்களில் ஆடு மாடு விற்ற பணம் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விடும். கோழி விற்ற காசு அம்மாவுடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பஸ்ஸுக்கு எடுப்பதும் அந்தக் காசைத்தான்.

நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அதன்பின் இரண்டு மாதமளவும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அந்நாட்களில் முட்டை கிடையாது. ஆகவே ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சுற்றுதான். எல்லா முட்டைகளையும் அடை வைத்துவிடாதீர்கள், ஒரு சுற்றையாவது பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள் என்று சொல்லுகிறோம். அடைக்கூடையில் மணல் பரப்பி, முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவது ஊர் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாதாம். அதை நாங்கள் தடுப்பதில்லை. எட்டாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிட மட்டும் கற்றுக்கொடுக்கிறோம்.

பெங்களூரில் உருவான கிரிராஜா, ஐதராபாத்தில் உருவான வனராஜா போன்ற இனங்கள் அதிகம் முட்டையிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் அடைக்கு உட்காருவதில்லை. குஞ்சு வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வெளியே வாங்கவேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு நாட்டுக்கோழியே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

பொரித்த குஞ்சுகள் முதல் மாதத்தில்தான் அதிகம் போகின்றன. பருந்து, காக்கை, கீரி, பூனை என்று எதிரிகள் பலர். எருசலேமுக்காகக் கண்ணீர்விட்ட நம் ஆண்டவர் தம்மை ஒரு தாய்க்கோழிக்கு ஒப்பிட்டதன் பொருள், பருந்தின் நிழல் முற்றத்தில் விழும்போது கோழி சிறகை விரிப்பதைப் பார்த்தவர்களுக்கு நன்றாக விளங்கும். ஆனாலும் பகலில் பஞ்சாரத்தால் மூடிவைத்தால் பாதி இழப்பைத் தவிர்க்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளைக்கழிச்சல். 1920-களின் இறுதியில் இமயமலை அடுத்த ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்றும் பெயர். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சிரைக்கும், கழுத்து திருகிக்கொள்ளும். இது வைரஸ் நோய்; வந்தபின் மருந்து கிடையாது. ஒரே வாரத்தில் கொல்லை வெறுமையாகிவிடும். முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் போடும் ஊசி, இவைதான் பாதுகாப்பு. சிக்கல் எங்கே என்றால், ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வரும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். அதுவரை ஐஸிலேயே இருக்கவேண்டும். ஒரு வீட்டில் இருப்பதோ ஐந்து கோழி. ஆகவே தெரு முழுவதும் ஒரே நாளில், அதுவும் கோழிகள் கூட்டைவிட்டு இறங்குமுன் விடியற்காலையில், சேர்ந்து போட்டால்தான் உண்டு. அரசு கால்நடைத்துறையும் பெரும்பாலும் பிப்ரவரியில் இதற்கு முகாம் நடத்துகிறது. அந்தத் தேதியைத் தெருவுக்குத் தெரு சொல்லிவைப்பது நம் சுகாதாரப் பணியாளர்களின் வேலை.

கோழி குழந்தைக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்பதை மறைக்கக்கூடாது. எத்தியோப்பிய கிராமங்களைப் பற்றி 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, கோழி வளர்க்கும் வீட்டுக் குழந்தைகள் உயரத்தில் சற்று மேலாக இருந்ததையும், இரவில் கோழிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்த இடங்களில் குழந்தைகளின் வளர்ச்சி குறைவாக இருந்ததையும் காட்டியது. தவழும் பிள்ளை எச்சத்தைத் தொட்டு வாயில் வைப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதனால்தான் கோழியோடு கம்பிவலைக் கூடும் சேர்த்துக் கொடுக்கிறோம். கூடு இல்லாத வீட்டுக்குக் கோழி கொடுப்பதில்லை.

இனி குறைப்பதைப் பற்றி. தாய்மார் மிகவும் தயங்குவது இதற்குத்தான். "வளர்த்த கையால் எப்படிம்மா அறுப்பது?" என்று நம் நர்ஸிடம் கேட்பார்கள். அவர்கள் மனது நல்ல மனது. ஆனால் கூட்டில் இடமும் நொய்யும் அளவோடுதான் இருக்கின்றன. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல்கள் சண்டையிட்டுத் தீனியைத் தின்னும். பெட்டைகளில் எது முட்டையிடுகிறது என்பதைக் கையாலேயே அறியலாம். பின்பக்கத்து இரண்டு இடுப்பெலும்புகளுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது இடும் கோழி. ஒரு விரல்தான் நுழையும் என்றால் இடவில்லை. கொண்டை சிவந்து பளபளப்பாக இருப்பதும், வெளிறிச் சுருங்கியிருப்பதும் இன்னொரு அடையாளம். அடையிலோ குஞ்சுகளோடோ இருக்கும் கோழியை மட்டும் இப்படிச் சோதித்துத் தீர்ப்பிடக்கூடாது. வயதானாலும் குஞ்சுகளை நன்றாகக் காக்கும் தாய்க்கோழியை வைத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். அப்படி ஒன்று கிடைப்பது அரிது.

சேவல்களை ஆடி மாதத்துக் கொடை நாட்களிலும் தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்திலும் விற்றால் நல்ல விலை. புரட்டாசியிலும் நம்முடைய லெந்து நாட்களிலும் சந்தை மந்தம். சொந்தக் கோழியை அறுக்க மனமில்லாதவர்கள் பக்கத்து வீட்டாரோடு மாற்றிக்கொள்கிறார்கள். இது அவர்களே கண்டுபிடித்த வழி.

நோய்ப்பட்ட கோழியின் காரியம் வேறு. கழிச்சல் தொடங்கியதும், சாகுமுன் காசாக்கிவிடலாம் என்று கூடையில் போட்டுச் சந்தைக்கு ஓடுவது எங்கும் உள்ள வழக்கம். அந்தக் கூடையோடுதான் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது. சிலர் அறுத்துக் குழம்பும் வைத்துவிடுகிறார்கள். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதியானது. அக்காய்ச்சல் மனிதரையும் தொற்றக்கூடியது. ஆகையால் நோய்ப்பட்டதை விற்கவேண்டாம், தின்னவேண்டாம், பிள்ளைகள் தொடவேண்டாம், செத்ததைக் குளத்தில் எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள் என்கிறோம். நாளைய அரிசிக்கு அந்தக் கோழியை நம்பியிருக்கும் விதவைத் தாயிடம் இதைச் சொல்லுவது எளிதல்ல. அப்படிப்பட்ட வீடுகளுக்கு, கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில வாரம் காலியாக விட்டபின், உங்கள் காணிக்கையிலிருந்து மறுபடி இரண்டு பெட்டை கொடுக்கிறோம்.

ஐந்து கோழி பெற்ற வீட்டில் மூன்றாண்டுக்குப் பின்னும் ஐந்து கோழியே இருக்கலாம். முட்டையைப் பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள், சேவல்கள் பள்ளிக்கூடச் செலவுக்குப் போயிருக்கும். "கோழிக்காக" என்று அனுப்பும் நண்பர்கள், அதில் ஒரு பகுதியைக் கம்பிவலைக்கும் தடுப்பு மருந்துக்கான ஐஸ் பெட்டிக்கும் செலவிடலாம் என்று ஒரு வரி எழுதியனுப்பினால் எங்களுக்கு மிகவும் உதவியாயிருக்கும்.