கொமில்லாவின் கிராமச் சங்கங்கள்

சமுதாய அபிவிருத்தி என்னும் சொல் நம் சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த தினத்தன்று, நம் நாட்டில் 55 இடங்களில் அத்திட்டம் தொடங்கப்பெற்றது. சாலைகள் போடப்பட்டன, கிணறுகள் வெட்டப்பட்டன, கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஆயினும் 1957இல் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு இவ்வேலையை ஆராய்ந்தபோது, ஊரார் இதனைத் தம்முடைய காரியமாகக் கருதி முன்வரவில்லை என்ற குறையையே பெரிதாக எடுத்துக் காட்டியது. சர்க்கார் செய்ய, மக்கள் பார்த்திருந்தனர்.

அக்குறையை நீக்க வழியுண்டா என்று சோதித்துப் பார்த்த இடம் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. அதுதான் திரிபுரா எல்லையை ஒட்டிய கொமில்லா. அது அந்நாளில் கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்திருந்தது. 1971 முதல் வங்காளதேசத்தைச் சேர்ந்தது. அங்கே 1959இல் கிராம அபிவிருத்திக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. கழகத்தார் நாடு முழுவதையும் திருத்தப் புறப்படவில்லை. சுமார் 100 சதுர மைல் பரப்புள்ள கோத்வாலி தாணா ஒன்றையே தம் சோதனைக் களமாக எடுத்துக் கொண்டனர். தாணா என்பது ஒரு காவல் நிலையத்தின் எல்லைக்கு உட்பட்ட பகுதி. அச்சிறு பரப்பிற்குள் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். குடும்பம் ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு ஏக்கர் நிலங்கூட இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் பயிரை மூழ்கடிக்கும். மழை நின்றபின் வரும் மாதங்களிலோ பாய்ச்ச நீரின்றி நிலம் தரிசாகக் கிடக்கும். இடைக்காலத்தில் வயிறு வளர்க்க லேவாதேவிக்காரரே கதி.

கழகத்தின் தலைவர் அக்தர் ஹமீத் கான். ஐ.சி.எஸ். பதவி வகித்த இவர், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டவர். பின்னர் அப்பதவியைத் துறந்து, அலிகார் அருகே ஒரு கிராமத்தில் கூலியாளாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் வேலை செய்தார். இத்தகைய மனிதருக்கு ஏழையின் கணக்கு புரிந்திருந்ததில் வியப்பில்லை.

அவர் வகுத்த முறை மிக எளியது. ஊருக்கு ஒரு சங்கம். அங்கத்தினர் வாரந்தோறும் கூடவேண்டும். கூடும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறு தொகையைச் சேமிப்பாகச் செலுத்தவேண்டும். பயிர்த் திட்டத்தை எல்லோரும் சேர்ந்து போடவேண்டும். கடன் அத்திட்டத்தின் பேரிலேயே கிடைக்கும். இச்சங்கங்களுக்கு மேலே தாணா முழுவதற்குமான மத்தியச் சங்கம் ஒன்று 1962இல் அமைக்கப்பட்டது.

அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவனிடம் சேமிப்பா என்று கேட்கத் தோன்றும். நம் நெசவாளர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். கூலியில் பிடித்தம் செய்யும் சேமிப்பு அவர்கள் அறிந்ததே. வாரச் சேமிப்பினால் சேரும் மூலதனம் சிறிதுதான். ஆனால் தன் பணம் சங்கத்தில் கிடக்கிறது என்ற நினைவே ஒருவனைக் கூட்டத்திற்கு வரச் செய்கிறது. கணக்கைக் கேட்கச் செய்கிறது. பிறர் பணத்தில் நடக்கும் சங்கத்தின் கணக்கை யார் கேட்கப் போகிறார்? ஜெர்மனியில் ரைபைசன் கண்ட வழி இதுவே. அவ்வழியைப் பின்பற்றும்படி சென்னை மாகாண சர்க்காருக்குப் பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகளில் வற்புறுத்தினார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே நம் திரூரில் சங்கம் அமைந்தது. ஆக, கொமில்லாக்காரர்கள் பயின்ற பாடம் நமக்கும் பழைய பாடமே.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் சிறந்தது என்பது என் கருத்து. வெளியூரிலிருந்து உத்தியோகஸ்தரை அனுப்பி உபதேசம் செய்விப்பதற்குப் பதிலாக, ஊராரே தம்முள் ஒருவரைத் தேர்ந்து வாரந்தோறும் தாணா மையத்திற்கு அனுப்பினர். அவர் அங்கே விதை, உரம், கணக்கு முதலியவை பற்றிக் கேட்டறிந்து, திரும்பி வந்து கூட்டத்தில் கூறினார். சொல்வது தவறானால் மறு வாரமும் அதே மனிதர்களின் முகத்தில்தான் விழிக்கவேண்டும். மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தருக்கு அந்தக் கவலை இல்லை.

இம்முறையின் பலன் நீரில் தெரிந்தது. 1961-62இல் ஊரார் தூர்ந்த வாய்க்கால்களை வெட்டிக் கரைகளை உயர்த்தினர். கூலிக்கு அமெரிக்கக் கோதுமை உதவியது. அடுத்த ஆண்டே மாகாணம் முழுவதற்கும் அவ்வேலை பரவியது. பிறகு குழாய்க் கிணறுகளும் இறைவை இயந்திரங்களும் வந்தன. ஒன்றரை ஏக்கர்க்காரர் எவரும் தனியாகக் குழாய்க் கிணறு போட இயலாது. போட்டாலும் அதன் நீரை அடக்கும் அளவுக்கு அவரிடம் நிலமில்லை. சங்கத்தாரின் துண்டு நிலங்களெல்லாம் சேர்ந்தபோதுதான் கிணற்றுக்கு வேலை கிடைத்தது. எவர் வயலுக்கு முதலில் நீர், எவர் எண்ணெய்ச் செலவைத் தருவது என்பவற்றையெல்லாம் வாரக் கூட்டமே தீர்த்தது. தரிசாகக் கிடந்த பருவத்தில் நெல் விளைந்தது. முக்காட்டிற்குள் வாழ்ந்த கிராமப் பெண்களும் பயிற்சி பெற மையத்திற்கு வந்தனர். நகரத்து ரிக்‌ஷாக்காரர்களுக்கும் தனிச் சங்கம் ஏற்பட்டது. 1963இல் கானுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதன்பின் நடந்தது வருத்தத்திற்குரியது. 1970 முதல், ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டம் என்ற பெயரால் இம்முறை நாடெங்கும் பரப்பப்பட்டது. சங்கங்களின் தொகை விரைந்து பெருகியது. ஆனால் வாரக் கூட்டம் ஏட்டில் மட்டும் கூடியது. சேமிப்பு, கடன் பெறுவதற்குக் கட்டும் கட்டணம் போலாயிற்று. ஊரில் நிலம் மிகுந்தவரே நிர்வாகிகளாகிக் கடனையும் இயந்திரத்தையும் தம் பக்கம் திருப்பிக் கொண்டனர். வாங்கிய கடனைத் திருப்பாதவரும் அவர்களே. கேட்க வேண்டியவர்களோ அவர்களிடமே கூலிக்கு நிற்பவர்கள், எவ்வாறு கேட்பர்? கொமில்லாவின் சங்கங்களிலும் பாக்கி ஏறிற்று.

வேறொரு குறை தொடக்கத்திலேயே இருந்தது. பயிர்த் திட்டத்தின் பேரில் கடன் என்றால், பயிரிட நிலமில்லாதவனுக்கு அச்சங்கத்தில் இடம் ஏது? வங்காளத்துக் கிராமங்களில் அத்தகையோர் சிறு தொகையினர் அல்லர். விளைச்சல் பெருகியபோது அவர்களுக்கு அறுப்புக் கூலி கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். சங்கத்தில் குரல் கிடைக்கவில்லை. எனவே 1972இல் தோன்றிய பிராக் நிறுவனமும், 1976இல் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் முயற்சியும் நாளடைவில் நிலமற்றோரை, அவர்களுள்ளும் பெண்களையே, தனிக் குழுக்களாகத் திரட்டின. நிலம் மிகுந்தவரை அக்குழுக்களில் சேர்க்கவில்லை. வாரக் கூட்டமும் சிறு சேமிப்பும் அங்கும் விதிகளாயின.