பின்சுவர் காட்டிய கோடு

திருச்சியிலிருந்து என்னவருக்குச் சென்னைக்கு மாற்றல். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஆறாவது, சின்னவள் யு.கே.ஜி. வாடகைக்குக் கொடுப்பதைக் கடனாகக் கட்டலாமே என்று முடிச்சூர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்தோம். நான்கு கிரவுண்டில் பதினாறு வீடு. பளபளவென்று டைல்ஸ், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். 'நாளைக்குள்ள கால்வாசிப் பணம் கட்டினா விலையைக் குறைக்கிறேன்' என்றார் பில்டர். என்னவர் செக் புத்தகத்தையே எடுத்துவிட்டார்.

சின்னவளுக்குத் தாகம். எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்த கையோடு, பெயின்ட் அடிக்காத பின்சுவரைக் காட்டினார். என் தோள் உயரத்துக்கு மங்கலாக ஒரு கோடு! '2015 டிசம்பர்ல வெள்ளம் இதுவரைக்கும் நின்னுச்சும்மா. ரெண்டு நாள் மொட்டை மாடியிலதான் கிடந்தோம்.'

வயிற்றைக் கலக்கியது. பாங்க்கில் வேலை பார்க்கும் அண்ணி சொல்லியனுப்பியது அப்போதுதான் நினைவு வந்தது. திரும்பி வந்து 'ரெரா' பதிவு எண் கேட்டேன். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அது இல்லாமல் விற்கவே கூடாது. ஒப்பந்தத்தைப் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. 'எல்லாம் வந்துகிட்டே இருக்கும்மா' என்றார், தலையைச் சொறிந்தபடி. செக் புத்தகம் பைக்குள் போய்விட்டது.

இப்போது சேலையூரில் வாடகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத்தெருவாகப் பார்த்த பிறகுதான் வீடு என்று சொல்லிவிட்டேன். என்னவர் மட்டும் இன்னும் அந்த டைல்ஸையே சொல்லிக்கொண்டிருக்கிறார்!

- ஒரு வாசகி, சேலையூர்.