எலும்பும் கணக்கும்: மறைந்த விலங்குகளின் நடையை ஆராயும் மாணவர்கள்



ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மடிந்துபோன ஒரு விலங்கு எவ்வளவு வேகமாக நடந்தது என்று இன்று யாராவது சொல்ல முடியுமா? அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. சதை மக்கிப் போயிற்று. எஞ்சியிருப்பவை கல்லாகிவிட்ட எலும்புகளும், சேற்றில் பதிந்து இறுகிப்போன காலடித் தடங்களுமே. ஆயினும் சொல்ல முடிகிறது. அவ்வாறு சொல்ல உதவும் கல்விக்கு உயிரி இயக்கவியல் என்று பெயர். எலும்பை நெம்புகோலாகவும் தசையை இழுக்கும் கயிறாகவும் வைத்து, உடல் தாங்கும் பாரத்தையும் அது செலுத்தும் விசையையும் கணக்கிடுவதே இக்கல்வி. இதில் மாணவர்கள் செய்த பணி என்ன, நம் பிள்ளைகள் இதற்குள் எவ்வாறு நுழையலாம் என்பனவற்றை இன்று காண்போம்.

முதலில் காலடித் தடத்தை எடுத்துக்கொள்வோம். மழை ஓய்ந்த பின் வீட்டு வாசலில் கோழி நடந்து போன தடத்தைப் பாருங்கள். மெதுவாக மேயும்போது தடங்கள் நெருங்கியிருக்கும். நாய் துரத்தினால் இடைவெளி கூடும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்னீல் அலெக்சாண்டர், 1976-ஆம் ஆண்டில் இதைக் கணக்காக்கினார். உயிரோடுள்ள விலங்குகளின் நடையை ஒப்பிட்டு, அதே விதியை டைனோசர் தடங்களுக்குப் பொருத்தினார். பாதத்தின் நீளத்தைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு இடுப்பின் உயரம். ஒரே கால் அடுத்தடுத்துப் பதித்த இரு தடங்களுக்கு இடையிலுள்ள தூரம் அதன் எட்டு. எட்டு, இடுப்பு உயரத்தைப் போல் 2 மடங்குக்குக் குறைவானால் விலங்கு நடந்திருக்கிறது. ஏறக்குறைய 3 மடங்கை எட்டினால் ஓடியிருக்கிறது. பாதம் 50 சென்டிமீட்டர், எட்டு 3 மீட்டர் என்று கொள்ளுங்கள். இடுப்பு உயரம் 2 மீட்டர். எட்டு அதைப் போல் ஒன்றரை மடங்குதான். ஆகவே அது நடைதான். அவருடைய சூத்திரப்படி அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர்.

அடுத்தது பாரம். ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்காக்கினால் எடை 8 மடங்காகும். ஆனால் தசையின் வலிமையோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது; அது 4 மடங்குதான் கூடும். பெரிய உடல் ஓடத் திணறுவது இதனால்தான். அமெரிக்காவின் பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஜான் ஹட்சின்சன் என்பவர் இதை ஆராயத் தொடங்கினார். மரியானோ கார்சியா என்பவரோடு சேர்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார். திரைப்படங்களில் மோட்டார் வண்டியைத் துரத்தும் டைரனோசரஸ், மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க முடியாது என்பதே அம்முடிவு. ஒரு கோழியை 6,000 கிலோ எடைக்கு வளர்த்தால் அது ஓடவே முடியாது என்பதையும் அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர்.

இன்னொரு மாணவரின் பணியைக் கேளுங்கள். நெதர்லாந்தில் முதுகலை மாணவராக இருந்த பாஷா வான் பைலர்ட், லைடன் நகர அருங்காட்சியகத்திலுள்ள டிரிக்ஸ் என்னும் டைரனோசரஸின் வாலை ஆராய்ந்தார். முன்னாளில் நம் பெரியவர்கள் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்ததை நினைவுகூருங்கள். கம்பு ஆடும் தாளத்துக்குக் காலடி ஒத்துப்போனால் சுமை எளிதாகத் தோன்றும். ஒத்துப்போகாவிட்டால் தோள் நோகும். டைரனோசரஸின் கனத்த வாலும் நடக்கும்போது அவ்வாறே மேலும் கீழும் ஆடியிருக்கும். அந்தத் தாளம் எது என்று கண்டால் நடையின் வேகம் தெரிந்துவிடும். 2021-இல் வெளியான விடை, மணிக்கு ஏறக்குறைய 4.6 கிலோமீட்டர். நாம் கடைக்கு நடந்து போகும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே!

கேம்பிரிட்ஜில் மாணவியாக இருந்த எமிலி ரேஃபீல்ட், பாலங்களின் உறுதியைச் சோதிக்கப் பொறியாளர்கள் கையாளும் முறையை அல்லோசரஸ் என்னும் டைனோசரின் மண்டையோட்டுக்குப் பயன்படுத்தி 2001-இல் புகழ்பெற்றார். சிலி நாட்டு ஆராய்ச்சியாளர்களோ, கோழிகளுக்குச் செயற்கை வால் கட்டி, டைனோசர் எவ்வாறு கால்களை வைத்திருக்கும் என்று பார்த்து 2014-இல் எழுதினர். விலையுயர்ந்த கருவி மட்டுமே அறிவியல் அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதைகள் என்று எண்ண வேண்டாம். பகாங் மாநிலத்தில் டைனோசர் பல் ஒன்று கிடைத்ததை மலாயாப் பல்கலைக்கழகம் 2014-இல் அறிவித்தது. சிங்கப்பூரில் 2015-இல் திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கின்றன.

இனி, வழி என்ன? இத்துறைக்கு ஒரே வாசல் இல்லை. இயந்திரப் பொறியியல், உயிரியல், நிலவியல், கால்நடை மருத்துவம் ஆகிய எதன் வழியாகவும் வரலாம். பட்டப்படிப்பில் மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்பு வரும்போது, விரிவுரையாளரை அணுகி இதுபோன்ற தலைப்பைக் கேட்கலாம். எலும்பை அளப்பது, படமெடுப்பது, கணினியில் உருவம் அமைப்பது ஆகிய சிறு பணிகளிலிருந்தே பலர் தொடங்குகின்றனர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியலுக்கென்றே முதுகலைப் படிப்பு உண்டு. நடையை ஆராயும் ஓப்பன்சிம் என்னும் கணினி நிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

“செத்துப்போன விலங்கைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. உண்மையைச் சொல்வதானால், டைனோசரை மட்டுமே ஆராயும் வேலைகள் மிகக் குறைவு. ஆனால் அதற்காகக் கற்ற கணக்கு வீணாவதில்லை. செயற்கைக் கால் செய்பவருக்கும், இடுப்பு மூட்டை மாற்றும் மருத்துவருக்கும், குலையைத் தூக்கி முதுகு நோகும் தொழிலாளியின் பாரத்தைக் குறைக்கும் கருவியை வடிவமைப்பவருக்கும் இதே அறிவுதான் தேவை.

ஆகவே, இடைநிலைப்பள்ளியில் படிவம் 4-க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, “கணக்கு கடினம், இயற்பியல் நமக்கு எதற்கு?” என்று வீட்டிலேயே கதவை அடைத்துவிடாதீர்கள். அப்போது விட்ட பாடத்தைப் பின்னர் பிடிப்பது அரிது. இந்த வார இறுதியில் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று, ஈரமண்ணில் நடக்கவும் ஓடவும் விடுங்கள். எட்டை அளந்து, இடுப்பு உயரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். நடையில் ஓர் எண், ஓட்டத்தில் வேறோர் எண் வரும். ஏன் என்று பிள்ளை கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள்; தெரியாததை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.