பனங்கொட்டையைப் பூட்டி வைக்காதீங்க!

குழந்தைகளே, குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? அருவியில் குளித்துவிட்டுக் குளிரக் குளிர வெளியே வந்தால், சாலையோரம் நுங்கு சீவிக் கொண்டிருப்பார்கள். மூன்று கண் நுங்கைக் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டுவது தனி மகிழ்ச்சிதான்!

ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் சாப்பிட்ட அந்த நுங்கு உண்மையில் என்ன?

அது பனையின் முற்றாத விதை. மரத்திலேயே விட்டிருந்தால் அது ஆவணி, புரட்டாசியில் பழமாகிக் கீழே விழும். உள்ளே இருக்கும் நுங்கு, கல் போன்ற பனங்கொட்டையாகி இருக்கும். மூன்று கண் நுங்கு என்றால் மூன்று கொட்டை; மூன்று பனை! எல்லாக் குலையையும் நுங்காகவே வெட்டிவிட்டால் நாளைக்கு விதைக்கக் கொட்டை ஏது? அதனால்தான் விவரம் தெரிந்த பெரியவர்கள் தோப்பில் சில மரங்களைப் பழத்துக்கென்று விட்டு வைப்பார்கள்.

தலைகீழாக வளரும் பிள்ளை

அவரை விதையை மண்ணில் போட்டால் நாலைந்து நாளில் தலையைத் தூக்கிக் கொண்டு மேலே வரும். பனங்கொட்டை அப்படி இல்லை. அது முதலில் கீழே போகும்!

ஈரம் பட்ட சில வாரங்களில் கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் வெளியே வரும். அது மேலே திரும்பிப் பார்க்காமல் நேராக மண்ணுக்குள் இறங்கும். அந்தக் குழாயின் நுனியில்தான் குழந்தைப் பனை பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. கொட்டை மேலே, பிள்ளை கீழே!

ஏன் இந்த ஏற்பாடு? பனை வறண்ட நிலத்து மரம். மேலே வெயில் கொளுத்தும், ஆடு மாடு மேயும், சில நேரம் தீயும் பிடிக்கும். ஆழத்தில் ஈரம் இருக்கும், ஆபத்து குறைவு. அதனால் கன்று முதலில் அடியில் இடம் பிடித்துக் கொள்கிறது. முதல் ஓலை மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும். "விதைத்தேன், முளைக்கவே இல்லை" என்று சிலர் தோண்டிப் பார்த்துக் கெடுத்து விடுவது இதனால்தான்.

பொங்கலுக்கு நாம் அவித்துச் சாப்பிடும் பனங்கிழங்கு என்ன என்று இப்போது கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், அதுதான் அந்தக் குழந்தைப் பனை! கொட்டைகளைப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மூன்று நான்கு மாதம் கழித்துத் தோண்டி எடுப்பார்கள். அடுத்த முறை கிழங்கை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் மெல்லிய குச்சி போல ஒன்று இருக்கும். அதுதான் குருத்து, பின்னாளில் ஓலையாக வேண்டியது.

விதைக்கும் வாய் உண்டு

கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக ஒன்று கிடைக்கும். தென் மாவட்டங்களில் இதைத் தவுண் என்பார்கள். முளைத்த தேங்காய்க்குள் இருக்குமே தேங்காய்ப்பூ, அதுவும் இதுவும் ஒரே உறுப்புதான்! கொட்டைக்குள் இருக்கும் உணவைக் கரைத்து உறிஞ்சி, குழாய் வழியாகக் கன்றுக்கு அனுப்பும் வாய் அது.

தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தல்பனை எல்லாம் பனையின் உறவுக்காரர்கள். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் தென்னையும் கமுகும் தோப்புத் தோப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கமுகு விதைக்க வேண்டுமானால் பழுத்த பாக்கைத் தோல் உரிக்காமல், காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி நட வேண்டும். ஒவ்வொரு உறவுக்கும் ஒவ்வொரு பழக்கம்!

கொடுத்தால் பிழைக்கும்

இந்தக் குடும்பத்து விதைகள் பலவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. நெல், கேழ்வரகு மாதிரி காய வைத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்க முடியாது. உள்ளே உள்ள ஈரம் வற்றினால் உயிரும் போய்விடும். அலமாரியில் அழகுக்கு வைத்த பனங்கொட்டை, கொஞ்ச காலத்தில் வெறும் கட்டைதான்.

ஒரு பெண் பனைக்குக் கீழே ஒரே பருவத்தில் ஏராளமான பழங்கள் விழும். அத்தனையும் அம்மரத்தின் அடியிலேயே வளர முடியுமா? நிழலும் நெரிசலும் விடாது. ஆகவே மிஞ்சுவதை இடம் உள்ளவருக்கு உடனே கொடுத்துவிட வேண்டும். பிடித்து வைத்தால் சாகும், கொடுத்தால் பிழைக்கும். பனை விதையின் சட்டம் இதுதான்.

உலகம் முழுவதும் பனைக் குடும்பத்து மரங்களை ஆசையாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1956-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டென்ட் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக ஒரு சங்கமே தொடங்கினார். இன்று அதன் பெயர் பன்னாட்டுப் பனைச் சங்கம். விதைகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொள்வது இப்படிப்பட்ட ஆர்வலர்களின் முக்கிய வேலை. அவர்கள் பின்பற்றும் முறை எளிது: பழச் சதையைச் சுத்தமாகக் கழுவி எடுப்பார்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு விதையை லேசாக ஈரமான தென்னை நார்க் கழிவில் போட்டு, மூடிய பையில் வைப்பார்கள். பையின் மேல் மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் எழுதுவார்கள்.

எதற்கு எழுத வேண்டும்? இந்தக் குடும்பத்துக் கன்றுகள் பலவும் சிறுவயதில் ஒன்று போலவே இருக்கும். பெயர் எழுதாவிட்டால் எது ஈச்சை, எது பனை என்று பெரியவர்களே குழம்புவார்கள்!

ஒற்றைப் பனைக்குப் பிள்ளை இல்லை

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் பனைதான் காய்க்கும். ஆனால் பக்கத்தில் ஆண் பனை இருந்தால்தான் நல்ல விதை பிடிக்கும். கொட்டையைப் பார்த்தோ வடலியைப் பார்த்தோ ஆணா, பெண்ணா என்று சொல்ல முடியாது. பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் ஒரே ஒரு கொட்டை நடாதீர்கள். பல மரங்களின் கொட்டைகளைக் கலந்து, பத்து அடிக்கு ஒன்றாகப் பலவற்றை நடுங்கள்.

இஸ்ரேலில் நடந்த ஓர் அதிசயத்தைக் கேளுங்கள். மசாடா என்னும் பழங்காலக் கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-ல் விஞ்ஞானிகள் முளைக்க வைத்தார்கள்! பேரீச்சை வறட்சியைத் தாங்கும் விதை. பாலைவனத்தின் வறண்ட காற்றும் அதைக் காப்பாற்றியது. கன்றுக்கு மெதூசலா என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து பூத்த பிறகுதான் தெரிந்தது, அது ஆண் மரம்! தனியாக எப்படிக் காய்க்கும்? பிறகு வேறு பழங்கால விதைகளையும் முளைக்க வைத்தார்கள். அவற்றில் ஹன்னா என்ற பெண் மரம் பூத்தது. அதற்கு மெதூசலாவின் மகரந்தத்தைக் கொடுத்தார்கள். 2020-ல் பழம் பறித்தார்கள்!

வெட்ட ஒரு நாள், வளர 15 ஆண்டு

பனை நம் தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் செங்கல் சூளைக்கும் விறகுக்கும் ஏராளமான பனைகள் வெட்டப்பட்டன. 2021-ல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் வழங்கப் போவதாக அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் சொன்னது.

பனை பூத்துக் காய்க்க 12 முதல் 20 ஆண்டு ஆகலாம். உங்களுக்கு இப்போது 10 வயது என்றால், இன்று போடும் கொட்டை நுங்கு தரும்போது உங்களுக்கு 25 அல்லது 30 வயது! நாம் இன்று குடிக்கும் பதநீரும், கடிக்கும் கருப்பட்டியும் நமக்கு முன்னால் யாரோ போட்ட கொட்டையின் பலன்.

செய்து பார்ப்போமா?

* பேரீச்சம்பழம் சாப்பிட்டுக் கொட்டையை நன்றாகக் கழுவுங்கள். இரண்டு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். தண்ணீரை மாற்றிக் கொண்டே இருங்கள். பிறகு ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, சமையலறையில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் முதுகுப் பக்கத்துச் சின்னப் புள்ளியிலிருந்து வெள்ளைக் குழாய் வரும். பனை மண்ணுக்குள் செய்வதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

* புரட்டாசியில், மழைக்கு முன், விழுந்த பனம்பழங்களைத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். சிறு பையில் கன்று வளர்த்து மாற்றி நட்டால் ஆழமாக இறங்கிய வேர் அறுந்து போகும். எனவே மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, ஏறக்குறைய அரை அடி ஆழத்தில் நேராக விதையுங்கள். குளத்துக் கரை, வயல் வரப்பு நல்ல இடங்கள். ஊராரிடம் கேட்டு, ஆசிரியரோடோ வீட்டுப் பெரியவரோடோ போங்கள். கரையில் தனியாகத் திரிய வேண்டாம்.

* கூந்தல்பனைப் பழத்தை வெறும் கையால் தொடாதீர்கள். அதில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. கை பயங்கரமாக அரிக்கும்!

* குற்றால மலைக் காட்டிலிருந்து எந்த விதையையும் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். தென் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக வளராத வரைக்கமுகு போன்ற அரிய மரங்கள் இந்த மலைகளில் உண்டு. காட்டு விதை, மரநாய்க்கும் பறவைக்கும் உணவு. அவையே விதையைக் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

என்ன குழந்தைகளே, இந்தப் புரட்டாசியில் ஆளுக்குப் பத்துக் கொட்டை சேர்ப்பீர்களா? ஐந்தை நீங்கள் நடுங்கள். ஐந்தை நண்பனிடம் கொடுங்கள். முளைத்ததா என்று மட்டும் தோண்டிப் பார்க்காதீர்கள்!