இன்ஜின்ல "டொக் டொக்" சத்தமா? 65,000 ரூபாய்க்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி வீட்டுலயே இதைப் பாருங்க

வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வரின்னு பேசுவோம். இன்னைக்கு காரோட பானெட்டைத் திறக்கப் போறோம். பர்சனல் ஃபைனான்ஸ்ல இதுக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். என்னோட எமர்ஜென்சி ஃபண்டைப் பாதிக்கு மேல காலி பண்ணப் பார்த்தது ஷேர் மார்க்கெட் இல்லை, ஒரு சத்தம்.

என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரு நாள் காலையில ஸ்டார்ட் பண்ணினதும் இன்ஜின் பக்கத்துல இருந்து "டொக் டொக் டொக்"னு ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதிச்சா சத்தமும் வேகமா வருது. பக்கத்துல இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ரெண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுட்டு, "பேரிங் போயிடுச்சு சார், இன்ஜின் இறக்கணும். 65,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க.

அப்போ என் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்தது 1,10,000. அதைத் தொட மனசு வரல. பர்சனல் லோன் போடலாமான்னு கணக்குப் போட்டேன். 65,000 ரூபாய்க்கு 14 சதவீத வட்டி, 24 மாசம்னா இஎம்ஐ சுமார் 3,120. மொத்த வட்டி மட்டும் கிட்டத்தட்ட 9,900. சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாம ரெண்டு வருஷம் கட்டணுமான்னு ஒரு கேள்வி வந்துச்சு. "நாளைக்குச் சொல்றேன்"னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நீங்க வீட்டுல பார்க்கிறது ரிப்பேர் பண்றதுக்கு இல்லை. மூணு கேள்விக்குப் பதில் தெரிஞ்சுக்கத்தான். வண்டியை ஓட்டலாமா? இது சின்னச் செலவா, பெரிய செலவா? ஒர்க்‌ஷாப்புல என்ன கேட்கணும்? இவ்வளவுதான்.

முதல் வேலை: ஆயில்

வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க. டிப்ஸ்டிக்கை இழுத்து, துணியால துடைச்சு, முழுசா உள்ளே சொருகி, மறுபடி எடுத்துப் பாருங்க. ஆயில் ரெண்டு குறிக்கு நடுவுல இருக்கணும். கீழ்க் குறிக்கும் கீழே இருந்தா மேனுவல்ல சொல்லியிருக்கிற கிரேடு ஆயிலை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, லெவலுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அடுத்த டெஸ்ட். மேல் குறியைத் தாண்ட விடாதீங்க. ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு இருக்கு. மினுமினுன்னு உலோகத் துகள் தெரிஞ்சா உள்ளே ஏதோ தேயுதுன்னு அர்த்தம். இந்த ரெண்டுல எது இருந்தாலும் அதுக்கு மேல ஸ்டார்ட் பண்ணாதீங்க.

நிறைய பேர் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கிற ஒரு விஷயம்: டேஷ்போர்டுல வர்ற சிவப்பு ஆயில் லைட் பெரும்பாலான கார்கள்ல ஆயிலோட அளவைச் சொல்றதில்லை, ஆயில் பிரஷரைச் சொல்லுது. அது எரியும்போது ஏற்கனவே லேட். "லைட் வரலையே, ஆயில் இருக்கும்"னு நினைக்கிறது பெரிய தப்பு.

ரெண்டாவது: சத்தம் எப்போ வருது?

ஒரு பேப்பர்ல எழுதுங்க. காலையில குளிர்ந்த இன்ஜின்ல வருதா, சூடான பிறகு வருதா? நின்னுக்கிட்டு இருக்கும்போது வருதா, ஓடும்போது மட்டுமா? இதுலேயே பாதி விடை கிடைச்சிடும்.

இன்ஜின் மேல் பக்கத்துல லேசா "டிக் டிக்"னு, தையல் மெஷின் மாதிரி வந்தா பெரும்பாலும் டேப்பெட் சத்தம். ஆயில் குறைஞ்சாலும், பழசானாலும் இது வரும். காலையில இருந்து, சூடானதும் குறைஞ்சா பதற வேண்டாம், ஆனா அடுத்த சர்வீஸ்ல சொல்லுங்க.

மேம்பாலம் ஏறும்போது, அதுவும் பெரிய கியர்ல திணறும்போது மட்டும், டப்பாவுல கோலிக்குண்டு குலுக்கின மாதிரி வந்தா அதுதான் உண்மையான நாக்கிங். எரிபொருள் நேரம் தவறி எரியுது. ஒரு கியர் குறைச்சுப் பாருங்க, சத்தம் போயிடுச்சுன்னா ஓட்டும் முறையும் ஒரு காரணம். கியர் சரியா இருந்தும் வந்தா கார்பன் படிவு, தப்பான ஸ்பார்க் பிளக், இன்ஜின் அதிகமா சூடாகறது, நாக் சென்சார் கோளாறுன்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். "எத்தனால் கலந்த பெட்ரோலாலதான்"னு சொல்றவங்க நிறைய. ஆனா எத்தனாலோட ஆக்டேன் சாதாரண பெட்ரோலை விட அதிகம். நாக்கிங்குக்கு அதைக் குறை சொல்ல முடியாது.

இன்ஜின் கீழ்ப் பக்கத்துல இருந்து, சுத்தியலால மரக்கட்டையை அடிச்ச மாதிரி கனமா, இன்ஜின் சூடாக ஆக அதிகமாகிற சத்தம்னா அது கனெக்டிங் ராடு பேரிங்கா இருக்கலாம். இதுதான் பெரிய செலவு. கூடவே ஆயில் லைட்டும் எரிஞ்சா உடனே ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டு, டோவிங் கூப்பிடுங்க.

மூணாவது: சுவிட்சும் கிளட்சும்

இதுக்கு ஒரு பைசா செலவில்லை. நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போது ஏசியை ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க. சத்தம் மாறுதுன்னா ஏசி கம்ப்ரஸர், பெல்ட், புல்லி பக்கம் முதல்ல பார்க்கணும். மேனுவல் கியர் வண்டின்னா கிளட்சை முழுசா மிதிங்க. மிதிச்சதும் சத்தம் நின்னா கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகம். மிதிச்சா மட்டும் வந்தா கிளட்ச் ரிலீஸ் பேரிங் சந்தேகம். ஸ்டார்ட் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் மட்டும் "டொம்"னு வண்டியே ஆடினா இன்ஜின் மவுண்டிங் தேய்ஞ்சிருக்கலாம். இந்த மூணுக்கும் இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொண்ணு, சைலன்சர் பக்கத்துல இருக்கிற ஹீட் ஷீல்டு தகடு. இன்ஜின் நல்லா ஆறின பிறகு கையால தட்டிப் பாருங்க. லூசா ஆடினா கலகலன்னு சத்தம் போடுறது அதுவாகவே இருக்கலாம். ஒரு போல்ட்டு, ஒரு வாஷர்ல முடியுற வேலை.

நாலாவது: குச்சி வைத்தியம்

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் ஆன்லைன்ல கிடைக்குது. இல்லைன்னா நீளமான ஸ்க்ரூடிரைவர் இல்ல மரக்குச்சி போதும். ஒரு முனையை இன்ஜினோட அசையாத உலோகப் பாகத்துல வச்சு, மறுமுனையைக் காதுக்குப் பக்கத்துல இருக்கிற எலும்புல வைங்க. காதுக்குள்ள விடாதீங்க. ஒவ்வொரு இடமா மாத்தி மாத்திக் கேளுங்க. எங்கே சத்தம் பலமா கேட்குதோ, கிட்டத்தட்ட அதுதான் இடம்.

இதைப் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் ஜாக்கிரதை. கழுத்துல தொங்குற ஐடி கார்டு, துப்பட்டா, கையில இருக்கிற கயிறு எல்லாத்தையும் எடுத்துடுங்க. பெல்ட், ஃபேன் பக்கம் குச்சி போகவே கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போ வேணாலும் தானா சுத்த ஆரம்பிக்கும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல பண்ணாதீங்க, புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. வெளியில காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க.

என் வண்டியில என்ன இருந்துச்சு?

ஆயில் கீழ்க் குறிக்குக் கொஞ்சம் கீழே. அது என் தப்பு, நான் பார்த்தே பல மாசம் ஆச்சு. லெவலுக்கு ஊத்தினேன், சத்தம் மாறலை. ஆனா ஏசி போட்டதும் சத்தம் கனமாச்சு. குச்சி வச்சுக் கேட்டப்போ இன்ஜின் அடிப்பக்கத்துல அமைதி, பெல்ட் டென்ஷனர் பிராக்கெட்ல வச்சதும் காதுல இடிக்குது.

இந்தக் குறிப்போடயும் போன்ல எடுத்த வீடியோவோடயும் வேற ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டைக் கழட்டி சில நொடி ஓட விட்டுப் பாருங்கண்ணா"ன்னு கேட்டேன். கழட்டினார், சத்தம் நின்னுடுச்சு. டென்ஷனர் புல்லி பேரிங் போயிருந்துச்சு. புல்லி, பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய்.

முதல் ஒர்க்‌ஷாப் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. தேய்ஞ்ச புல்லி பேரிங் சத்தமும் ராடு சத்தம் மாதிரியே கேட்கும். ரெண்டு நிமிஷத்துல, அந்த ஷெட் இரைச்சல்ல யாரும் தப்பாச் சொல்லலாம். ஆனா அந்தத் தப்புக்குப் பணம் கட்டப் போறது நான்தானே?

இதுக்கு நேர்மாறா ஒண்ணு. என் ஆபீஸ் நண்பன் ஒருத்தன், சிவப்பு ஆயில் லைட் எரிஞ்ச பிறகும் "பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்"னு 12 கிலோமீட்டர் ஓட்டினான். இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு. அவனுக்குச் சொன்ன தொகை காரோட மார்க்கெட் விலையில பாதி. சத்தம்னா எல்லாம் சின்னதுதான்னு நினைக்கிறதும் ஆபத்து. எது சின்னது, எது பெரியதுன்னு பிரிக்கத்தான் இந்த ஒரு மணி நேரம்.

பணப் பக்கம் மூணு விஷயம்

ஒண்ணு, "இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு இருக்காதீங்க. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு மாதிரி விஷயங்களுக்குத்தான். தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் பணம் வராது. இன்ஜின் புரொடெக்‌ஷன் ஆட்-ஆன் கூட முக்கியமா தண்ணி உள்ளே போறது, ஆயில் கசியறது மாதிரியான சேதத்துக்குத்தான். எதெதுக்குக் கிடைக்கும்னு உங்க பாலிசியைப் படிச்சுப் பாருங்க.

ரெண்டு, காருக்குன்னு தனியா மாசம் 1,500 இல்ல 2,000 ரூபாய் ஆர்டியில போடுங்க. 2,000 போட்டா வருஷத்துக்கு 24,000. டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் அதுல இருந்து போகட்டும். கார் ரிப்பேர் எப்போ வரும்னுதான் தெரியாது, வரும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அதை எமர்ஜென்சின்னு சொல்ல முடியாது. எமர்ஜென்சி ஃபண்ட் வேலை போனா, உடம்பு சரியில்லைன்னா எடுக்கிறதுக்கு.

மூணு, 10,000 ரூபாய்க்கு மேல எந்த எஸ்டிமேட் வந்தாலும் ரெண்டாவது இடத்துல கேளுங்க. "எந்த டெஸ்ட் பண்ணி இதைக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவார்.

நான் இப்போ சம்பளம் வர்ற அன்னைக்கு ரெண்டு வேலை பண்றேன். எஸ்ஐபி போயிடுச்சான்னு பார்க்கிறேன், டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறேன். ரெண்டாவதுக்கு ஒரு பழைய துணி போதும். நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து ஆயில் பாருங்க. சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.