வற்றலும் விஞ்ஞானமும்

ஊரிலிருந்து வரும் பெட்டிகளில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு பொட்டலம் வற்றல் இருக்கும். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, மோர்மிளகாய் இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லாத தமிழ் மாணவர் அறை ஐதராபாத்தில் அரிது. ஆனால் அதை ஊரிலிருந்துதான் வரவழைக்க வேண்டுமா? நாம் வாழும் தக்காணப் பீடபூமியே வற்றல் போடுவதற்கென்று அமைந்த பூமி. ஆந்திர, தெலுங்கானா மக்கள் இதனை நன்கறிவர். அவர்களுடைய ‘ஒருகுலு’ நம் வற்றலே. ‘சல்ல மிரபகாயலு’ நம் மோர்மிளகாயே.

வற்றல் போடுதல் என்பது காயிலுள்ள நீரைக் கவர்ந்துவிடுதல். காயைக் கெடுப்பவை கிருமிகளும் பூஞ்சைகளும். அவை வாழ நீர் வேண்டும். நீரை ஒரு வரம்புக்குக் கீழே குறைத்துவிட்டால் அவை தழைக்க இயலா. எவ்வளவு குறைக்க வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 90 பங்கு நீருள்ள காய் ஒரு கிலோ என்று கொள்வோம். அதில் நீர் 900 கிராம்; திடப்பொருள் 100 கிராம். 800 கிராம் நீர் போய், எடை 200 கிராமாகச் சுருங்கிய நிலையில் பார்த்தால் காய் வற்றிவிட்டது போலத் தோன்றும். ஆயினும் அதில் பாதி இன்னும் நீரே! எடை ஏறக்குறைய 110 கிராமுக்கு வரும்போதுதான் நீர் நூற்றுக்குப் பத்தாகிறது. கண்ணை நம்பாமல், ஒடித்துப் பார்த்து ‘மடக்’கென்று ஒலி வரவேண்டும் என்று பாட்டிமார் சொல்வதன் பொருள் இதுதான்.

உப்பும் மோரும் சுவைக்காக மட்டும் சேர்ப்பன அல்ல. உப்பு காயினுள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. எஞ்சிய நீரையும் கிருமிகளுக்கு எட்டாதபடி பிணித்து வைக்கிறது. மோரின் புளிப்பு கிருமிகளை அடக்குகிறது. மிளகாயைக் கீறுவதும், சுண்டைக்காயை நசுக்குவதும் வழுவழுப்பான மேல்தோலில் வாயில் திறப்பதற்கு ஒப்பாகும். பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் மோர் என்று மாற்றி மாற்றி வைப்பதிலும் நுட்பம் உண்டு. கடும் வெயிலில் ஒரே மூச்சில் காய்ந்தால் மேற்புறம் இறுகி, உள்ளீரம் சிறைப்பட்டுவிடும். இரவில் தோல் மீண்டும் இளகுகிறது. கொத்தவரையை உப்பிட்டு வேகவைத்த பின் காயவைப்பது, நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளை வெப்பத்தால் அழிப்பதற்காகும்.

இலைகளுக்கு இந்த விதி பொருந்தாது. கறிவேப்பிலை, புதினா முதலியவற்றை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டீன் ஒளி பட்டால் சிதைகிறது. மணம் தரும் எண்ணெய் சூட்டில் பறந்துவிடுகிறது. புதினாவைப் பூக்கும் முன்னரே, காலையில் பனி உலர்ந்ததும் கொய்தால் மணம் மிகுதி.

இனி, காலம். சென்னையில் கடற்காற்றின் ஈரம் உலர்த்தலைத் தாமதப்படுத்தும். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில், கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஐதராபாத்தில், சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே தை, மாசியில் மாடித் தொட்டிகளில் கொத்தவரையை விதைத்து, மிளகாய் நாற்றும் நட்டுவிட வேண்டும். முற்றுவதற்கு முன் பிஞ்சாகப் பறித்து, பங்குனி, சித்திரையில் உலர்த்தி, ஜூனில் தென்மேற்குப் பருவமழை வருமுன் வேலையை முடித்துவிட வேண்டும். உலர்ந்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே நீர் வியர்த்துவிடும். ஆறவைத்தே காற்றுப் புகாமல் மூட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். நம் தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதற்கு விடை கூறும். அதுவும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து வந்ததுதான்! 1918இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம், 1958இல் இங்குக் குடிபெயர்ந்தது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறச் சிற்றூர்களில் மஞ்சள் காமாலை போன்ற ஒரு நோய் பரவிற்று. இந்நிறுவனத்தார் ஆராய்ந்தனர். நோயுற்றோர் 397 பேர். இறந்தோர் 106 பேர். காரணம் என்ன? மழையில் நனைந்து, சரிவர உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சை கக்கிய ‘அஃப்ளடாக்சின்’ என்னும் நஞ்சு. மிளகாயிலும் நிலக்கடலையிலும் அதே பூஞ்சை வளரக்கூடும். எண்ணெயில் பொரித்தாலும் அந்நஞ்சு முற்றும் அழியாது. ஆதலால் மழைக்காலத்தில் பூசணம் பூத்த வற்றலைத் துடைத்துவிட்டு உண்ணலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். வீசி எறிந்துவிடுங்கள்.

நீரின் அளவையும், உப்பின் இயல்பையும், காற்றின் ஈரத்தையும் கருவி ஏதுமின்றிக் கையாலும் காதாலும் அளந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய அறிவை ஏட்டில் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் வற்றலை மட்டும் வாங்கி வராமல், அது செய்யும் முறையையும் கேட்டு எழுதி வருவார்களாக. மொட்டை மாடியும் வெயிலும் இங்கே காத்திருக்கின்றன.